வேலைக்குப் போனால் உதவித்தொகை நின்றுவிடுமா? குமரி மாவட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு முழு வழிகாட்டி

தக்கலையில் தாலுகா அலுவலகத்துக்குப் போகிற வழியில் என் ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் சேர்த்தே நடக்கிறது. போன மாதம் ஒரு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு இரண்டு காதும் கேட்காது. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பொருள் அடுக்கும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மாதம் 11,000 ரூபாய். அக்காவுக்கு அதில் சந்தோஷமே இல்லை. “மக்கா, இவன் சோலிக்குப் போனா மாசம் வர்ற பணத்தை நிறுத்திப் போடுவினுமா?” என்று கேட்டார். நின்றுவிடும் என்றால் பையனை வீட்டிலேயே வைத்துக்கொள்வதாகத்தான் முடிவு செய்து வந்திருந்தார்.

எனக்கு அந்தப் பயம் புதிதல்ல. போலியோவில் வலது கால் போனவன் நான். மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு அச்சகத்து வேலையை இதே பயத்தில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு விதியும் இறுக்கம்தான், கதியற்றவர்களுக்கு மட்டும் என்றே பார்த்தார்கள். இப்போது விதி தளர்ந்துவிட்டது, பயம்தான் தளரவில்லை.

அதனால் யாருக்கு எது கிடைக்கும், வேலைக்குப் போனால் எது நிற்கும், எது நிற்காது என்பதை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது எதற்கான காசு என்று பாருங்கள்

அரசு தருகிற எல்லாக் காசையும் “ஊனமுற்றோர் பணம்” என்று ஒரே பேரில் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் மூன்று வகையாகப் பிரித்துச் சொல்வேன்.

ஒன்று, உடலுக்கான காசு. உடலில் இன்ன பாதிப்பு இருக்கிறது என்பதற்காகவே தருவது. இதற்கு வேலை குறுக்கே வராது. இரண்டாவது, வறுமைக்கான காசு. வருமானம் ஓர் எல்லையைத் தாண்டாதவரை தருவது. வேலை செய்யலாம், எல்லையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வேலை இல்லாததற்கான காசு. வேலை கிடைத்த அன்றே இது முடிந்தது. இனி வருகிற ஒவ்வொன்றையும் இந்த மூன்றில் எதில் சேரும் என்று பார்த்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

படி 1: அடையாள அட்டை

இது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. முன்பு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கொடுத்த தேசிய அடையாள அட்டைப் புத்தகம் போதும். இப்போது யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். மத்திய அரசின் சுவாவலம்பன் தளத்தில் நீங்களே பதியலாம், அல்லது இ-சேவை மையத்தில் பதிந்து கொடுப்பார்கள். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. வீடு தேடி வந்து “அட்டை வாங்கித் தருகிறேன்” என்று காசு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பதிந்தபின் மருத்துவப் பரிசோதனை. நம் மாவட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அது ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடக்கும். நீங்கள் சிகிச்சை பெறுகிற வேறு அரசு மருத்துவமனையிலும் சான்று கேட்க விதி இடம் கொடுக்கிறது. பழைய சிகிச்சைச் சீட்டு, ஸ்கேன், எக்ஸ்ரே, காதுக்கு என்றால் கேட்கும் திறன் அளந்த தாள், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு உங்களைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் கட்டுதான்.

என் கண்முன் அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆதாரில் “செல்வி”, ரேஷன் கார்டில் “செல்வ ராணி”, வங்கிப் புத்தகத்தில் “செ. செல்வராணி”. ஆள் ஒருவர்தான், பேர் மூன்று. யு.டி.ஐ.டி. ஆதார்ப் பேரில் வரும், காசு போகிற கணக்கு வேறு பேரில் இருக்கும், எங்கோ ஓரிடத்தில் எல்லாம் முட்டி நிற்கும். பரிசோதனைக்குப் போகும் முன்பே மூன்றிலும் பேரை ஒன்றாக்கிவிடுங்கள். அப்புறம் அலைவதைவிட இப்போது அலைவது லாபம்.

அட்டையில் வரும் சதவீதம்தான் உங்கள் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. 40 சதவீதம் முக்கியமான கோடு. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, ஆனால் இடஒதுக்கீடு, உதவித்தொகை போன்றவற்றுக்கு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். அடுத்த கோடு 75, அதற்கு மேல் 80. சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அட்டை தற்காலிகமா நிரந்தரமா என்பதையும் பாருங்கள். தற்காலிகம் என்றால் அதன் கடைசித் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். தேதி முடிந்தது தெரியாமல் காசு நின்று, “வேலைக்குப் போனதால்தான் நிறுத்திவிட்டார்கள்” என்று நினைத்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 2: மாதா மாதம் வரும் காசு, 1500-ஆ 2000-ஆ?

தமிழ்நாட்டில் இரண்டு தனித்தனி ஏற்பாடு உண்டு. இரண்டையும் ஒருவரே சேர்த்து வாங்க முடியாது.

மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2000 ரூபாய். அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள், பார்கின்சன் போன்ற நாள்பட்ட நரம்பியல் நோய் உள்ளவர்கள் இதில் வருவார்கள். நான் சொன்ன முதல் வகை இது, உடலுக்கான காசு. வருமான உச்சவரம்பு கிடையாது. விண்ணப்பம் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இந்தப் பட்டியலில் வராதவர்களுக்கு வருவாய்த்துறையின் உதவித்தொகை. 2023 ஜனவரி முதல் மாதம் 1500 ரூபாய். 18 வயது முடிந்து, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு இருக்க வேண்டும். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று விசாரணை நடந்து, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் முடியும். இது இரண்டாம் வகை, வருமானம் பார்த்துத் தருவது.

80 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியமும் இருக்கிறது. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய்தான். மிச்சத்தை மாநிலம் போடுகிறது. உங்கள் கைக்கு ஒரே தொகையாக வருவதால் தனியாக அலைய வேண்டாம்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை பராமரிப்புத் தொகை வாங்கினால் தாயாருக்கு மகளிர் உரிமைத் தொகை கிடைக்காதா? கிடைக்கும். பிள்ளையின் காசு தாயின் 1000 ரூபாய்க்குத் தடை இல்லை. மற்றத் தகுதிகள் அவருக்கு இருந்தால் போதும்.

படி 3: வேலைக்குப் போகலாமா? 3 லட்சம் என்ற எல்லை

போகலாம். வருவாய்த்துறையின் உதவித்தொகையில், தனியார் வேலையோ சுயதொழிலோ செய்பவரின் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் தகுதி உண்டு. 3 லட்சம் என்றால் மாதம் 25,000. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பருப்பு உரிக்கிறவர், துணிக்கடையில் பில் போடுகிறவர், தையல் தைக்கிறவர், லாட்டரி விற்கக் கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போய் வருகிறவர், இவர்களில் எத்தனை பேர் அந்த எல்லையைத் தொடுகிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த அக்காவுக்கு ஒரு தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 11,000 என்றால் ஆண்டுக்கு 1,32,000. எல்லையில் பாதிகூட வரவில்லை. சம்பளம் 11,000, உதவித்தொகை 1500, ஆக மாதம் 12,500. பையன் வீட்டில் இருந்தால் வெறும் 1500. அக்கா அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

கவனமாகக் கணக்குப் போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது அந்த எல்லைக்கோடு. மாதம் 24,900 வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு 2,98,800. அவருக்கு 200 ரூபாய் சம்பள உயர்வு வந்தால் 3,01,200. கூடுதலாகக் கிடைப்பது 2400, போகிற உதவித்தொகை 18,000. அப்படி ஒரு நிலை வந்தால், மாதம் 26,400-க்கு மேல் போனால்தான் பழைய நிலைக்கு வருகிறோம் என்று தெரிந்து வைத்துக்கொண்டு முதலாளியிடம் பேசுங்கள். அதற்காகச் சம்பள உயர்வையே வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. உயர்வு வருடா வருடம் ஏறும், 1500 அப்படியே நிற்கும்.

அரசு வேலை கிடைத்தால் கதை வேறு. 3 லட்ச எல்லை தனியாருக்கும் சுயதொழிலுக்கும் சொன்னது. அரசுப் பணியில் சேர்ந்தவர் சேர்ந்த மாதமே தனி வட்டாட்சியருக்கு எழுதிக் கொடுத்து உதவித்தொகையை நிறுத்திவிடுவது நல்லது. தெரியாதது போல வாங்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.

மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தில் வேலை என்பதற்காக அவசரப்பட்டு ஆதார் முகவரியைக் கேரளாவுக்கு மாற்றிவிடாதீர்கள். யு.டி.ஐ.டி. இந்தியா முழுக்கச் செல்லும், ஆனால் மாத உதவித்தொகை தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்கானது. குடும்பமே அங்கே போய்விட்டால் அது வேறு விஷயம். தினமும் ரயிலில் போய்த் திரும்புகிறவருக்கு முகவரி மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

படி 4: வேலைவாய்ப்பு அலுவலகக் காசு

இது மூன்றாம் வகை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டு முடிந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மாதம் பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூ 750, பட்டதாரி 1000 ரூபாய், 10 ஆண்டு வரை. மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு காத்திருப்பு, மூன்று ஆண்டு மட்டும்தான் பணம். நமக்கு அந்த வகையில் சலுகை. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்கு இது கிடையாது. ஆண்டுதோறும் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயம். எந்த வேலைக்குப் போனாலும், சொந்தமாகத் தொழில் தொடங்கினாலும் இது நின்றுவிடும். வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவருக்கும் கிடையாது. ஆகவே 1500 வாங்கத் தகுதி இருக்கிறவர் 1000-க்காக இதில் விண்ணப்பிப்பது வீண். 1500 வேலையோடு சேர்ந்து நிற்கும், இந்த 1000 நிற்காது. ஆனால் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள், குறித்த காலத்தில் புதுப்பியுங்கள். அரசுப் பணிக்குப் பதிவு மூப்பு வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன.

படி 5: வேலையில் இருப்பதே தகுதியாகும் சலுகைகள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. சில உதவிகள் வேலை செய்கிறவருக்குத்தான். பக்கவாட்டில் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கும்போது படிக்கிறீர்களா, வேலைக்குப் போகிறீர்களா, சுயதொழிலா என்று கேட்டு அதற்குச் சான்று வாங்குவார்கள். வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று எழுதினால் மனு பின்னுக்குப் போகும். தையல் தெரிந்த, கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் தருகிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் தாய்மாரும் இதைக் கேட்கலாம்.

சொந்தத் தொழில் என்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நாம் சிறப்புப் பிரிவு. கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். மார்த்தாண்டம் பக்கம் தேனீப் பெட்டி வைக்கவோ வீட்டில் முந்திரி பாக்கெட் போடவோ நினைப்பவர்கள் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடன் வாங்கினால் உதவித்தொகை போகாது. கடன் வருமானம் ஆகாது, தொழிலில் வரும் லாபம்தான் வருமானம்.

வேலைக்குப் போய்வர, நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளியும் துணைக்கு வரும் ஒருவரும் 2021 முதல் இலவசம். வெளியூர்ப் பேருந்தில் கால் பங்குக் கட்டணம். அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குக் கட்டணம் இல்லை, எழுதுவதற்குச் சிரமப்படுபவருக்கு ஒரு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு மற்றவர்களுக்கு மாதச் சம்பளம் 21,000 வரை, நமக்கு 25,000 வரை. முதலாளி “உனக்கு இ.எஸ்.ஐ. கிடையாது” என்று சொன்னால் இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

வருமான வரி கட்டும் அளவு சம்பளம் என்றால், பழைய வரிமுறையில் 75,000 ரூபாயும், 80 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயும் கழிக்கலாம். புதிய வரிமுறையில் இந்தக் கழிவு இல்லை.

படி 6: வேலையின்போதே அடிபட்டவர்களுக்கு

நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. பனையிலிருந்து விழுந்தவர்கள், கடலில் இயந்திரத்தில் விரல் போனவர்கள், கட்டிடத்திலிருந்து விழுந்தவர்கள் என்று வீதிக்கு ஒருவர் இருப்பார். இவர்கள் நேரே 1500-க்கு விண்ணப்பிக்க வந்துவிடுகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது வேறு.

இ.எஸ்.ஐ. உள்ளவர் வேலையில் அடிபட்டு நிரந்தரக் குறைபாடு வந்தால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவக் குழு மதிப்பிடும். தினக்கூலி 500, இழப்பு 20 சதவீதம் என்று வையுங்கள். கூலியில் 90 சதவீதம் 450, அதில் 20 சதவீதம் 90. நாளுக்கு 90 ரூபாய், மாதம் சுமார் 2700. நீங்கள் திரும்ப வேலைக்குப் போனாலும் இது நிற்காது. முதல் வகைக் காசுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை.

பி.எஃப். பிடித்தம் இருந்து, செய்த வேலையை இனி செய்யவே முடியாது என்ற நிலை வந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கலாம். பத்து ஆண்டு ஆகவில்லை என்று யாராவது சொன்னால் அது வயது முதிர்ந்த ஓய்வூதியத்துக்கான விதி என்று பதில் சொல்லுங்கள்.

கடல் தொழிலாளிக்கு மத்திய மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் முழு நிரந்தர ஊனத்துக்கு 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா இருந்தால் அதில் 2 லட்சமும் 1 லட்சமும். உங்கள் பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் பிடித்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அரசு ஊழியர் பணிக்காலத்தில் ஊனமுற்றால் வேலையை விட்டு அனுப்பவோ பதவியைக் குறைக்கவோ கூடாது என்று 2016-ம் ஆண்டு சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான பணி இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், இதைப் படித்துக் காட்டிய பின் போடலாமா என்று யோசியுங்கள்.

படி 7: அப்பாவின் குடும்ப ஓய்வூதியம்

ரயில்வே, தபால், ராணுவம் என்று மத்திய அரசு ஓய்வூதியர் குடும்பங்கள் இங்கே நிறைய. சம்பாதிக்க முடியாத அளவு குறைபாடு உள்ள மகனோ மகளோ பெற்றோருக்குப் பின் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வாங்கலாம். கல்யாணம் ஆனாலும் போகாது. சிறு சம்பாத்தியம் இருந்தாலும் போகாது. மத்திய அரசுக் குடிமைப் பணிகளில் 2021 முதல் விதி இது: வேறு வழியில் வரும் வருமானம், கிடைக்க வேண்டிய சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தையும் அதன் அகவிலைப்படியையும் சேர்த்த தொகையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் பேரை ஓய்வூதிய ஆவணத்தில் சேர்த்துவிடுவது நல்லது. பிறகு செய்வதென்றால் அந்தப் பிள்ளைதான் அலைய வேண்டும்.

காசு நின்றுவிட்டால்

முதலில் வங்கிக்குப் போங்கள், தாலுகாவுக்கு அப்புறம். ஆதார் இணைப்பு அறுந்திருக்கலாம், கணக்கு முடங்கியிருக்கலாம். வங்கியில் கோளாறு இல்லையென்றால் தனி வட்டாட்சியரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னதை வைத்து மேலே எங்கும் பேச முடியாது. எனக்கும் ஒருமுறை ஆறு மாதம் நின்றது. ஒரு அலுவலகத்தில் “நீங்கதான் கடை வச்சிருக்கீங்களே” என்றார்கள். கடையின் ஆண்டு வருமானத்தை எழுதி, எல்லைக்குக் கீழே இருப்பதாகக் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தேன். பழைய பாக்கி வரவில்லை, அடுத்த மாதத்திலிருந்து வந்தது. முதல் மாதமே எழுதிக் கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு.

தாலுகாவில் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணிலும் பதியலாம். மனுவில் அட்டை எண், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், கடைசியாகப் பணம் வந்த தேதி, இந்த மூன்றும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். உங்கள் கஷ்டத்தை அதற்குக் கீழே எழுதுங்கள். வேலையிடத்தில் பாகுபாடு என்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குத் தபாலிலேயே புகார் அனுப்பலாம், நேரில் போக வேண்டியதில்லை.

அந்தப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான். அக்கா மட்டும் மாதா மாதம் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து, “1500 ஏறியிருக்கா, பாரு மக்கா” என்கிறார். ஏறியிருக்கிறது.